நம் படகுகளுக்கு மேலே இருக்கும் செயற்கைக்கோளை அடுத்து யார் ஏற்றுவார்கள்?

கன்னியாகுமரி நாடாளுமன்ற உறுப்பினருக்கும், கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தூண்டில் வளைவு, நான்குவழிச் சாலை, ரப்பர் விலை என்று உங்களிடம் தினமும் மனுக்கள் வரும். இந்த மடல் ராக்கெட்டைப் பற்றியது. அது டெல்லியும் பெங்களூரும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று தள்ளி வைக்காமல் கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் தூத்தூர் பகுதிக் கடற்கரையில் பிறந்தவள். இந்த மாவட்டத்திலேயே பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கடலுக்குப் போகிற உறவினர்களும் உண்டு, மகேந்திரகிரியில் இருக்கிற இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை மையத்துக்கு வேலைக்குப் போகிற பழைய மாணவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தையும் இணைக்கிற ஒரு விஷயத்தைப் பற்றி நம் பிரதிநிதிகள் யாரும் வாய்திறந்து கேட்டதாக நான் பார்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஊர்க்காரர்கள் எங்கே மீன்பிடிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். லட்சத்தீவைத் தாண்டி, குஜராத் கடல்வரை, அதற்கும் அப்பால். பல வாரங்கள் கடலிலேயே தங்கித் தொழில் செய்கிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது அவர்களில் பலர் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. வயர்லெஸ் செட் எட்டாத தூரத்தில்தான் அவர்களுடைய தொழிலே நடக்கிறது. நம் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் திரும்பவில்லை. பலருடைய உடல்கூட வீட்டுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஏற்பாடுகள் வந்தன. 2019இல் ஜெமினி என்ற கருவி. காற்று, அலை, புயல் பற்றிய செய்தியைப் படகில் இருக்கிற செல்போனுக்கு அனுப்பும். ஆனால் செய்தி ஒருவழிதான், படகில் இருந்து பதில் சொல்ல முடியாது. அப்புறம் டிரான்ஸ்பாண்டர். இதில் கரையில் இருந்து செய்தி வரும், ஆபத்து என்றால் படகில் இருந்தும் கரைக்குச் சொல்லலாம். ஒரு லட்சம் படகுகளில் இதைப் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்தார். நம் துறைமுகங்களிலும் இந்தப் பெட்டி இப்போது பழக்கமான பொருள்.

அந்தப் பெட்டி பேசுவது ஜிசாட்-6 என்ற செயற்கைக்கோளோடு. 2015 ஆகஸ்ட் 27 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நம்முடைய ஜிஎஸ்எல்வி ராக்கெட் அதைக் கொண்டுபோனது. அந்த ராக்கெட்டின் மேல்கட்டத்தில் இருந்தது இந்தியாவிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது மிகவும் குளிரவைத்த திரவ எரிபொருளில் ஓடுகிற எஞ்சின். அது சோதித்துத் தேறிய இடம் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் வருகிற மகேந்திரகிரி. நம் மலையடிவாரத்தில் எரிந்து பார்த்த எஞ்சின் தூக்கிவிட்ட செயற்கைக்கோள்தான் இன்றைக்கு நம் ஆட்களை நடுக்கடலில் காக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

கவலையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜிசாட்-6 ஏவப்பட்டபோது அதற்குச் சொன்ன ஆயுள் 9 ஆண்டு. அந்தக் கணக்கு 2024இலேயே முடிந்துவிட்டது. செயற்கைக்கோள்கள் சொன்ன ஆயுளைத் தாண்டியும் உழைப்பது உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதற்குத் துணையாக 2018 மார்ச் 29 அன்று அனுப்பிய ஜிசாட்-6ஏ சில நாட்களிலேயே தொடர்பை இழந்தது. ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்தது, செயற்கைக்கோள்தான் கைவிட்டுப் போனது. ஆக, ஒரு லட்சம் படகுகளுக்குப் பெட்டி கொடுக்கிற திட்டம், ஆயுட்கணக்கு முடிந்த ஒரு செயற்கைக்கோளை நம்பி நடக்கிறது. இதன் இடத்துக்கு அடுத்தது எப்போது போகும், எந்த ராக்கெட்டில் போகும், அந்த ராக்கெட் யாருடையது? இந்த மூன்று கேள்விகளையும் நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர் கேட்க வேண்டும்.

"யாருடையதாக இருந்தால் என்ன, மேலே போய்ச் சேர்ந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்நிய ராக்கெட்டில் போவது அவமானம் என்று நான் நினைக்கவில்லை. நம் விண்வெளிக் கதையே அப்படித்தான் தொடங்கியது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் இருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி. நம்மைப் போன்ற கடற்கரை மக்கள் தேவாலயத்தையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்த கேரளக் கடற்கரை அது. 1975இல் ஆரியபட்டாவை ஏற்றியது சோவியத் ராக்கெட். இன்சாட் வரிசைக்கு அமெரிக்க டெல்டாவும் ஐரோப்பிய ஏரியானும் உதவின. மேலே சொன்ன ஜெமினி கருவி, ககன் என்ற நம் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பை நம்பி இயங்குகிறது. ககன் கருவிகளைச் சுமக்கிற ஜிசாட்-8, ஜிசாட்-10, ஜிசாட்-15 மூன்றையும் தென் அமெரிக்காவில் இருக்கிற பிரெஞ்சு கயானாவில் இருந்து ஏரியான்-5 கொண்டுபோனது. அந்த ராக்கெட் இல்லாமல் போயிருந்தால் நம் படகுகளுக்கு அந்தச் செய்திகள்கூட வந்திருக்காது. நன்றியோடுதான் சொல்கிறேன்.

வாடகை ராக்கெட்டை அமர்த்துவதில் தப்பில்லை. நம்மிடம் வேறு வழியே இல்லாத நேரத்தில் அமர்த்துவதுதான் ஆபத்து. அப்போது விலையையும் தேதியையும் தீர்மானிப்பது எதிராளி. கதவைச் சாத்துவதும் அவருடைய விருப்பம்.

கதவு எப்படிச் சாத்தப்படும் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்கள் அருகில் இருந்து பார்த்திருக்கிறார்கள். 1991இல் கிரையோஜெனிக் எஞ்சினையும் அதைச் செய்யும் நுட்பத்தையும் தருவதாகச் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸ் ஒப்பந்தம் போட்டது. 1992 மே மாதம் அமெரிக்கா இரண்டு தரப்பின் மீதும் தடை விதித்தது. ஏவுகணைக்குப் பயன்படும் என்று காரணம் சொன்னார்கள். திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் நிரப்பித்தான் அந்த எஞ்சினை ஓட்ட வேண்டும். உடனடியாகச் சுட வேண்டிய ஏவுகணைக்கு அது உதவாது என்று பொறியாளர்கள் சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. 1993இல் ரஷ்யா நுட்பத்தைத் தருவதில் இருந்து பின்வாங்கி, செய்துமுடித்த எஞ்சின்களை மட்டும் ஏழு தருகிறோம் என்றது. அவற்றில் ஒன்றை வைத்துத்தான் 2001இல் முதல் ஜிஎஸ்எல்வி பறந்தது. நாமே செய்த எஞ்சின் 2010 ஏப்ரலில் முதல் முயற்சியில் தோற்று, 2014 ஜனவரி 5 அன்று வென்றது. ஒப்பந்தம் போட்ட நாளில் இருந்து இருபது ஆண்டுக்கு மேல். ஒரு நாட்டின் மனமாற்றத்துக்கு நாம் கொடுத்த விலை அது.

அந்த இருபது ஆண்டும் மகேந்திரகிரியிலும் திருவனந்தபுரம் பக்கத்து வலியமலை இஸ்ரோ மையத்திலும் நடந்த உழைப்பில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். கிரையோஜெனிக்கில் ஆயுளைச் செலவிட்ட மேலக்காட்டுவிளை வி. நாராயணன் 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்றார். அதற்கு முன் 2018 முதல் நான்கு ஆண்டு தலைவராக இருந்தவர் சரக்கல்விளை கே. சிவன். இருவருமே நம் மாவட்டம். அவர்களுக்கு வாழ்த்துப் பேனர் வைத்தீர்கள், நானும் மகிழ்ந்தேன். அவர்கள் செய்துகொடுத்த எஞ்சினுக்கு அரசியல் துணை நிற்பதும் உங்கள் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

பழைய கதை என்று இதை விட்டுவிட முடியாது. 2022 மார்ச்சில் ரஷ்யா பயன்படுத்துகிற பைக்கனூர் ஏவுதளத்தில், ஒன்வெப் என்ற செயற்கைக்கோள் இணைய நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்களோடு ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட் நின்றுகொண்டிருந்தது. உக்ரைன் போரை ஒட்டி, பிரிட்டிஷ் அரசு அந்த நிறுவனத்தில் வைத்திருக்கும் பங்கை விட்டுவிட வேண்டும் என்று ரஷ்யா நிபந்தனை போட்டது. ராக்கெட்டைக் கீழே இறக்கினார்கள். பணம் கட்டிக் காத்திருந்தவர்களின் செயற்கைக்கோள்கள் அங்கேயே சிக்கிக்கொண்டன. அந்த நிறுவனம் அப்புறம் வந்து நின்ற வாசல்களில் ஒன்று நம்முடையது. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் நம் கனரக ராக்கெட்டான எல்விஎம்-3 மொத்தம் 72 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. நம்மிடம் ராக்கெட் இருந்ததால் அன்றைக்கு நாம் உதவுகிற இடத்தில் இருந்தோம்.

அதே காலத்தில் கனமான செயற்கைக்கோள் விஷயத்தில் நம் நிலைமை வேறு. எல்விஎம்-3 உயர்ந்த பாதைக்குச் சுமார் 4 டன் கொண்டுபோகும். அதைத் தாண்டினால் ஏரியானிடம் போவதுதான் வழக்கம். 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11 அப்படித்தான் 2018 டிசம்பரில் போனது. 2023 ஜூலையோடு ஏரியான்-5 ஓய்வு பெற்றுவிட்டது, புதிய ஏரியான்-6 அப்போது தயாராகவில்லை, ரஷ்யா போரில். மிச்சம் இருந்தது ஒரே கடை. 4,700 கிலோ ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் 2024 நவம்பர் 19 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன்-9 ராக்கெட்டில் புளோரிடாவில் இருந்து கிளம்பியது. நன்றாகவே போய்ச் சேர்ந்தது, குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஐரோப்பாவே தன்னுடைய யூக்ளிட் தொலைநோக்கியையும் கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோள்களையும் அதே கடையில் கொடுக்க வேண்டி வந்த நேரம் அது. உலகத்தின் பெரும் பாரம் ஒரே நிறுவனத்தின் தோளில் இருக்கும்போது, நமக்கு அவசரம் வந்தால் வரிசையில் எங்கே நிற்போம்?

2025 நவம்பர் 2 அன்று எல்விஎம்-3, 4,410 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03 செயற்கைக்கோளை ஏற்றியது நல்ல முன்னேற்றம். அடுத்த பெரிய அடியும் மகேந்திரகிரியில்தான் எடுத்துவைக்கப்படுகிறது. செமி கிரையோஜெனிக் எஞ்சின், சுத்திகரித்த மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிந்து 2,000 கிலோநியூட்டன் உந்துவிசை தருவது. 2025 மார்ச் 28 அன்று அதன் முக்கியப் பகுதிகளை முதல்முறை வெற்றிகரமாக எரித்துப் பார்த்தார்கள். இது முழுமையாகி எல்விஎம்-3இல் சேர்ந்தால், சுமார் 4 டன்னாக இருக்கிற அதன் திறன் 5 டன்னைத் தாண்டும். அதற்கும் மேலே, பூமிக்கு அருகில் 30 டன் கொண்டுபோகிற அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒதுக்கீடு செய்தித்தாளில் வந்தது. ஒவ்வொரு ஆண்டும் அதில் எவ்வளவு உண்மையில் செலவானது, எந்தச் சோதனை தேதி தள்ளிப்போனது, ஏன் தள்ளிப்போனது என்பது வருவதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஆண்டுக்கு ஒருமுறை இதை எழுத்துக் கேள்வியாகக் கேட்டாலே போதும், அதிகாரிகள் பதில் தயாரிக்க வேண்டிவரும். சும்மா கிடக்கிற கோப்பு நகரும்.

இனி தனியார் விஷயம். இதில் நம் அரசியல் கட்சிகள் இரண்டே நிலைப்பாட்டில் நிற்கின்றன. ஒன்று, தனியாருக்குத் திறந்துவிட்டோம், இனி எல்லாம் தானாக வளரும் என்பது. இன்னொன்று, இஸ்ரோவை விற்கிறார்கள் என்பது. இரண்டுமே நடப்பைப் பார்க்காத பேச்சு.

அமெரிக்கா என்ன செய்தது என்று பாருங்கள். 2011 ஜூலையில் விண்வெளி ஓடங்கள் ஓய்வு பெற்றதும், சொந்த வீரர்களை அனுப்ப அவர்களிடம் வாகனம் இல்லை. 2020 மே மாதம் வரை கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டு ரஷ்ய சோயுஸில் காசு கொடுத்து இடம் வாங்கினார்கள். விலை ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஒரு இருக்கைக்கு 9 கோடி டாலர். அதில் இருந்து மீண்டது எப்படி? அரசு முன்கூட்டியே ஆர்டர் கொடுத்தது. 2008 டிசம்பரில் சரக்குப் பயணங்களுக்கு ஸ்பேஸ்எக்ஸுக்கு 160 கோடி டாலரும் ஆர்பிட்டல் நிறுவனத்துக்கு 190 கோடி டாலரும் என நாசா ஒப்பந்தம் போட்டபோது, பால்கன்-9 ஒருமுறைகூடப் பறந்திருக்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீரர்களை அனுப்பும் ஒப்பந்தத்தையும் 2014இல் இரண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். அதன் பலனை 2025இல் உலகமே பார்த்தது. போயிங்கின் ஸ்டார்லைனரில் போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் அந்த வாகனத்தில் திரும்ப முடியாமல் போனபோது, ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் அவர்களைக் கூட்டிவந்தது.

ஆனால் ஒருவர் மட்டும் ஓங்கி நின்றால் என்ன ஆகும் என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. 2025 ஜூன் 5 அன்று அதிபர் டிரம்ப்போடு வாக்குவாதம் முற்றியதும், டிராகனை உடனே நிறுத்தப்போகிறேன் என்று எலான் மஸ்க் அறிவித்தார். சில மணிநேரத்தில் மாற்றிக்கொண்டார். இருந்தாலும் ஒரு நாட்டின் விண்வெளிப் பயணம் அந்தச் சில மணிநேரம் ஒரு மனிதரின் கோபத்தில் தொங்கியது. சொந்த நாட்டு நிறுவனமே இப்படி என்றால், வேறு நாட்டு நிறுவனத்தை மட்டும் நம்பி நாம் இருக்க முடியுமா? நம் வள்ளக்காரர்கள் தூரக்கடலுக்கு இரண்டாவது மோட்டார் இல்லாமல் போக யோசிப்பார்கள். நாட்டுக்கும் அந்த யோசனை வேண்டும்.

நம் பக்கம் நிலைமை இளசாக இருக்கிறது. ஐதராபாத்தின் ஸ்கைரூட் 2022 நவம்பரில் விக்ரம்-எஸ் ராக்கெட்டைப் பறக்கவிட்டது. சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல் 2024 மே 30 அன்று, முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினோடு தன் ராக்கெட்டைச் சோதித்தது. இரண்டும் சுற்றுப்பாதைக்குப் போகாத சிறு பயணங்கள்தான், ஆனால் சாதாரணக் காரியம் இல்லை. இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியைச் செய்யும் உரிமையை 2025 ஜூனில் பொதுத்துறை எச்ஏஎல் 511 கோடி ரூபாய்க்குப் பெற்றது. இந்திய விண்வெளி நிறுவனங்களில் முதலீடு செய்ய மத்திய அரசின் 1,000 கோடி ரூபாய் நிதி இருக்கிறது. முதலீடு நல்லதுதான். அதைவிட முக்கியம் ஆர்டர். பெங்களூரின் பிக்செல் நிறுவனம் 2025 ஜனவரியில் தன் செயற்கைக்கோள்களைக் கலிபோர்னியாவில் இருந்து பால்கனில்தான் அனுப்பியது. சொன்ன தேதியில் பேருந்து கிளம்பும் என்ற நம்பிக்கை அங்கே கிடைக்கிறது. அவர்களைக் குறைசொல்லிப் பயன் இல்லை. அரசின் சிறு செயற்கைக்கோள்களில் குறிப்பிட்ட பங்கை, குறைந்தது இரண்டு இந்திய நிறுவனங்களுக்கு, பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஒப்பந்தமாகக் கொடுங்கள் என்று நீங்கள் அழுத்தம் தர வேண்டும். அதே சமயம் கனரக ராக்கெட் இஸ்ரோவின் கையில், பொதுப் பணத்தில், தொடர வேண்டும். புயல் எச்சரிக்கையையும் மீனவர் உயிரையும் சுமக்கிற செயற்கைக்கோள்கள் இந்திய ராக்கெட்டில்தான் போகும் என்பது எழுதிவைத்த கொள்கையாக வேண்டும்.

ஸ்பேஸ்எக்ஸின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்குக்கு 2025இல் இந்தியாவில் அனுமதி கிடைத்திருக்கிறது. நாளைக்குப் படகுகளிலும் அது வரலாம், வரட்டும், வீட்டுக்கு வீடியோவில் பேச நம் ஆட்களுக்கும் ஆசை இருக்காதா? ஆனால் ஆபத்து நேரத்தில் அழைக்கிற வழி மட்டும் நம் செயற்கைக்கோளிலேயே இருக்க வேண்டும்.

சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும் அதன் பலனும் பாரமும் நமக்கும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கே போகிற ராக்கெட் இலங்கைக்கு மேல் பறக்கக் கூடாது என்பதற்காக வளைந்து போகிறது, சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே சுமக்கிற திறன் குறைந்துவிடும். குலசேகரன்பட்டினத்தில் இருந்து நேராகத் தெற்கே கடல்தான். அந்தக் கடலில் சின்னமுட்டம், குளச்சல் படகுகளும் தொழில் செய்கின்றன. கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன், ஜூலை என்று நம் மாவட்டத்தில் ஏற்கெனவே இரண்டு தடைக்காலங்கள். அதற்கு மேல் ஏவும் நாட்களில் கடல் மூடினால் தொழில் இழப்புக்கு ஈடு வேண்டும். எந்தப் பகுதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது தமிழிலும் மலையாளத்திலும் சில நாள் முன்னமே டிரான்ஸ்பாண்டரிலும் பங்கு ஆலய ஒலிபெருக்கிகளிலும் சொல்லப்பட வேண்டும். ஏவுதளம் முழுவேகத்தில் இயங்கும் முன்பே இந்த விதிகளை எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. தும்பா மக்கள் விட்டுக்கொடுத்ததை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழோடு உரிமையும் சேர்ந்து வரட்டும்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு விண்வெளித் தொழில் கொள்கையை ஏற்றது. ஐந்து ஆண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு என்பது இலக்கு. இதில் நம் மாவட்டத்துக்கு என்ன என்று ஆறு பேரும் சேர்ந்து, கட்சி பார்க்காமல், தொழில்துறையிடம் கேட்க வேண்டும். கோணம் தொழிற்பேட்டையில் லேத்தும் வெல்டிங்கும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே அரசு பாலிடெக்னிக்கும் ஐடிஐயும். கடற்கரையில் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்களுக்கு ரெசினும் ஃபைபரும் கைப்பழக்கம். ராக்கெட்டுக்குத் தேவைப்படுகிற தரம் வேறு, அதற்குப் பயிற்சியும் சோதனைக் கருவிகளும் தரச்சான்றும் வேண்டும். அந்தப் பயிற்சி மையம் மகேந்திரகிரியில் இருந்து ஒரு மணிநேரப் பயணத்துக்குள் அமைவதுதான் பொருத்தம். என்னிடம் படித்த பிள்ளைகளில் ராக்கெட் வேலை வேண்டும் என்கிறவர்கள் ஐதராபாத்துக்கும் பெங்களூருக்கும் ரயில் ஏறுகிறார்கள். மலைக்கு இந்தப்பக்கமே அவர்களுக்கு வேலை இருக்க முடியும்.

நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடருக்குள் ஜிசாட்-6 பற்றிய அந்த மூன்று கேள்விகளும் எழுத்தில் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேள்வியை எழுத உதவி வேண்டுமென்றால் நானும் என்னோடு பணிபுரிகிறவர்களும் நாகர்கோவிலில் உங்கள் அலுவலகத்துக்கே வருகிறோம். கிடைக்கிற பதிலை, சாதகமோ பாதகமோ, எட்டு ஊர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தூத்தூர் பகுதிக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு பொறியியல் ஆசிரியை